மக்களிசை விழாவுக்கு யாரை அழைக்கலாம்: ரசிகர்கள் விருப்பப் பட்டியல் எழுதும் முறை

ஐப்பசி பிறந்ததும் பொங்கல் விழா நடத்தும் ஊர் மன்றங்களும் கல்லூரிகளும் குடியிருப்போர் சங்கங்களும் தங்களைச் சுற்றியிருக்கும் ரசிகர்களிடம் "இந்த வருடம் யாரைக் கூப்பிடலாம்?" என்று கேட்கத் தொடங்குகின்றன. முதல் முறையாக அப்படிக் கேட்கப்படுகிறவர் பெரும்பாலும் திரையிலும் தொலைக்காட்சியிலும் பார்த்த நான்கைந்து பெயர்களைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார். புஷ்பவனம் குப்புசாமியும் சின்னப்பொண்ணுவும் அந்தோணி தாசனும் வேல்முருகனும் பெரிய கலைஞர்கள் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. நம்மில் பலருக்கு நாட்டுப்புறப் பாடலின் மீது காது திறந்ததே இத்தகைய குரல்களால்தான். ஆனால் இந்தப் பெயர்கள் விழாக் குழுவுக்கு ஏற்கெனவே தெரியும். ரசிகர் தரும் பட்டியலால் பயன் விளைய வேண்டுமென்றால், குழு இதுவரை கேள்விப்படாத ஒரு பெயராவது அதில் இருக்க வேண்டும். அந்தப் பெயரை நம்பி அழைப்பதற்குப் போதுமான விவரங்களும் அதனுடன் இருக்க வேண்டும்.

கேட்பதற்கு ஆட்கள் வருவார்களா என்ற தயக்கம் தேவையில்லை. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம், கிராமத்துக் கலைக் குழுக்களை நகரத்தின் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. சில ஆண்டுகள் நடந்து, இடையில் நின்றுபோய், 2023 பொங்கலின்போது "நம்ம ஊரு திருவிழா" என்ற பெயருடன் மீண்டும் தொடங்கியது. நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் தொடங்கிய மார்கழியில் மக்களிசை, சபாக்களின் மாதமாகவே அறியப்பட்ட மார்கழியில் பறைக்கும் கானாவுக்கும் ஒப்பாரிக்கும் மேடை அமைத்தது. அங்கெல்லாம் நின்று கேட்ட கூட்டம், தனக்கு முன்பின் தெரியாத குழுக்களைக் கேட்கத்தான் நின்றது.

முதலில் ஓசையைத் தேர்ந்தெடுங்கள்

பெயர்களிலிருந்து தொடங்காமல், எந்த ஓசை வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. தமிழ்நாட்டின் வரைபடத்தை மனத்தில் விரித்துக்கொண்டு, எந்தப் பக்கத்து இசையை நீங்கள் உண்மையாகக் கேட்டிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வட மாவட்டங்களில் பெரிய மேளமும் பம்பையும் கைச்சிலம்பும் தெருக்கூத்தும் இருக்கின்றன. தெருக்கூத்தை நாடகம் என்று மட்டும் நினைத்து இசை விழாவிலிருந்து ஒதுக்குபவர்கள், முகவீணையும் மத்தளமும் ஆர்மோனியமும் சேர்ந்து எழும் அந்தப் பின்பாட்டை ஒரு முறையாவது அருகில் அமர்ந்து கேட்க வேண்டும். கொங்குப் பகுதியில் துடும்பும் ஜமாப்பும் உடுக்கையடித்துப் பாடும் அண்ணன்மார் கதையும் வள்ளி கும்மியும் உள்ளன. மதுரை, திண்டுக்கல், தஞ்சைப் பக்கங்களில் நையாண்டி மேளமும் பறையும் உள்ளன. தெற்கே வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் கன்னியாகுமரியின் களியலும் உள்ளன. நீலகிரியில் கோத்தர்களின் குழலும் கொம்பும் முழவும் தனியொரு உலகம்.

இவற்றில் ஐந்துக்கு மேல் எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முப்பது பெயர் கொண்ட பட்டியலைக் குழுவினர் படித்துப் பாராட்டிவிட்டு எடுத்து வைத்துவிடுவார்கள். ஐந்து பெயர் கொண்ட பட்டியல் கையில் இருந்தால் ஒவ்வொன்றாகப் பேசி முடிவெடுப்பார்கள். அந்த ஐந்தில் குறைந்தது மூன்றாவது நீங்கள் நேரில் கேட்டவையாக இருக்கட்டும்.

நேரில் கேட்பதற்கான காலம் எது என்பதையும் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தெற்கே கொடை எனப்படும் கோயில் திருவிழாக்கள் பங்குனி, சித்திரையில் சூடுபிடித்து ஆடி, ஆவணி வரை நடக்கின்றன. வட மாவட்டங்களில் பாரதப் பிரசங்கமும் கூத்தும் பங்குனி முதல் ஆடி வரை ஊர் ஊராக நடக்கின்றன. அப்போது நல்ல செட்டுகளுக்கு, அதாவது கலைக் குழுக்களுக்கு, ஓய்வே இருக்காது. மார்கழியிலும் தையின் தொடக்கத்திலும் கோயில் அழைப்புகள் குறைவு என்பதால், பொங்கலையொட்டி நடக்கும் விழாக்களுக்கு அவர்கள் வருவது எளிது. ஆகவே சித்திரையில் கேளுங்கள், ஐப்பசியில் எழுதிக் கொடுங்கள். மார்கழி பாதியில் கொடுக்கும் பட்டியலால் பயனில்லை. அதற்குள் நோட்டீஸ் அச்சாகியிருக்கும்.

பெயரைக் கண்டுபிடிப்பது

கொடைக்கோ திருவிழாவுக்கோ போனால், ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடாமல், இடைவேளை வரை காத்திருங்கள். நையாண்டி மேளத்தில் முன்னால் நிற்பவர்தான் செட்டின் தலைவர் என்று நினைக்கத் தோன்றும். பல செட்டுகளில் தலைவர் பின்வரிசையில் தவில் வாசித்துக்கொண்டிருப்பார். தேநீர் குடிக்கும் நேரத்தில் அருகில் சென்று, பறைக் குழுவாக இருந்தால் "ஆசான் யாருங்க?" என்றும், கூத்தாக இருந்தால் "வாத்தியார் யாருங்க?" என்றும், வில்லுப்பாட்டாக இருந்தால் "புலவர் எந்த ஊருங்க?" என்றும் கேட்டால், பெயரும் ஊரும் குருவின் பெயரும் தாமாகவே வந்து சேரும். கோயில் நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். குழுவின் பெயர் பெரும்பாலும் ஊரோடு சேர்த்து அதில் அச்சிடப்பட்டிருக்கும். கைப்பேசி எண்ணைத் தந்தால், விழாக் குழுவிடம் கொடுக்கலாமா என்று அப்போதே கேட்டு அனுமதி பெறுங்கள்.

பயணம் செய்ய இயலாதவர்களுக்கும் வழிகள் உள்ளன. கலை பண்பாட்டுத் துறையின் மாவட்டக் கலை மன்றங்கள் வயதை அடிப்படையாகக் கொண்டு ஐந்து விருதுகள் வழங்குகின்றன: 18 வயதுக்குட்பட்டோருக்குக் கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, 66-க்கு மேல் கலை முதுமணி. உள்ளூர்ச் செய்தித்தாளில் சிறிய செய்தியாக வந்துபோகும் இந்த விருதுப் பட்டியல்கள்தாம் எனக்குத் தெரிந்து மிக நல்ல தொடக்கம். மாவட்டத்துக்கு வெளியே யாரும் அறியாத ஒரு பம்பைக் கலைஞரின் பெயர் அங்கே முறையாகப் பதிவாகியிருக்கும். தஞ்சாவூரிலுள்ள தென்னகப் பண்பாட்டு மையம், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை, வானொலி நிலையங்களின் நாட்டுப்புற இசைப் பிரிவுகள் ஆகியவற்றில் பணிபுரிபவர்களும் பொறுமையாகக் கேட்டால் சொல்வார்கள்.

ஒரு பெயரை எழுதுவது

புதியவர்கள் தவறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நாட்டுப்புற இசையில் ஒரு பெயர் என்பது ஒரு செட். "கரகாட்டம்" என்று எழுதினால், தலையில் கரகம் வைத்து ஆடும் இருவர் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால் இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம் என்று ஒரு முழு நையாண்டி மேளம் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டதன் விளைவை நான் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் பட்டியல் கொடுத்த ஒரு விழாவில், செலவைக் குறைப்பதற்காக ஆட்டக் கலைஞர்களை மட்டும் அழைத்து, மேளத்துக்குப் பதிலாகப் பதிவு செய்த பாட்டை ஒலிக்கவிட்டார்கள். ஆடுபவரின் காலைப் பார்த்து அடி மாற்றும் தவில்காரர் இல்லாமல், அந்த அம்மா இயந்திரத்தின் வேகத்துக்குத் தன் காலை இழுத்துக்கொண்டு ஆடியதைப் பார்த்து எனக்கு நெஞ்சு கனத்தது. என் பட்டியலில் "நையாண்டி மேளத்துடன், மொத்தம் பத்துப் பேர்" என்ற ஒரு வரி இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

எனவே ஒவ்வொரு பதிவிலும் கலையின் பெயர், குழுவின் பெயர், ஊர், தலைவர், ஆட்களின் எண்ணிக்கை, அவர்கள் கொண்டுவரும் கருவிகள், நீங்கள் எங்கே எப்போது கேட்டீர்கள் என்பவை இருக்க வேண்டும். இவற்றுக்குப் பின் இரண்டு மூன்று வாக்கியங்களில் அவர்களை ஏன் பரிந்துரைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். "மிக அருமையாக இருக்கும்" என்பது யாருக்கும் உதவாது. "வீசுகோல் வில்லின் மீது படும்போது மணிகள் ஒலித்து அடங்கும் இடைவெளியைக் குடம் அடிப்பவர் தன் தட்டால் நிரப்புகிறார், பின்பாட்டுக்காரர் ஆமாம் போடுவதோடு நில்லாமல் கதையைக் கேள்வி கேட்டு நகர்த்துகிறார்" என்று எழுதினால், வில்லுப்பாட்டையே கேட்டிராத விழாக் குழு உறுப்பினருக்கும் ஒரு படம் கிடைக்கும்.

பட்டியலில் பெரியவர்களின் பெயரை எழுதும்போது அவர்களின் இன்றைய நிலையை விசாரித்துக்கொள்ளுங்கள். வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் 2022-இல் மறைந்தார். பரவை முனியம்மா 2020-இல் மறைந்தார். கொல்லங்குடி கருப்பாயி 2025-இல் மறைந்தார். இவர்களின் பெயர்கள் அன்பின் காரணமாகவே விருப்பப் பட்டியல்களில் இன்னமும் எழுதப்படுகின்றன. அந்த அன்பை வழித்தோன்றல்களின் பக்கம் திருப்பலாம்: சுப்பு ஆறுமுகத்தின் மகள் பாரதி திருமகன் தந்தையின் வழியில் வில்லிசை பாடுகிறார். கோவை மாவட்டத்தைச் சேர்ந்த பத்திரப்பன், வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-இல் பத்மஸ்ரீ விருதுக்கு அறிவிக்கப்பட்டபோதே எண்பது வயதைக் கடந்தவர். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த அந்தக் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். அவரிடம் பயின்ற குழுவைக் கேட்பதும் அவரைக் கேட்பதாகவே ஆகும். 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்ட பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானையோ தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனையோ எழுதுகிறீர்கள் என்றால், அவர்களின் குழுவோடு வர வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு மாலையைப் போட்டு ஐந்து நிமிடம் பேசவைத்து அனுப்புவதற்கான அழைப்பாக அது மாறிவிடக் கூடாது.

பறையைப் பற்றி

பறைக் குழுவைப் பட்டியலில் சேர்ப்பவர்கள் இரண்டு செய்திகளை மறவாமல் எழுத வேண்டும். ஒன்று நெருப்பு. மார்கழி, தைப் பனியில் பறையின் தோல் தளர்ந்துவிடும். வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, தோலைக் காய்ச்சி, தட்டிப் பார்த்து, மீண்டும் காய்ச்சினால்தான் அந்தக் கணீரென்ற ஓசை எழும். ஒரு கல்லூரி மைதானத்தில் நெருப்பு மூட்ட அனுமதி இல்லையென்று காவலர் தடுத்துவிட, தொய்ந்த தோலோடு வாசிக்க நேர்ந்த குழுவின் முகங்கள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. "மேடைக்கு அருகில் பறை காய்ச்ச ஓர் இடம் வேண்டும், ஒரு வாளி மணலும் தண்ணீரும் வைத்தால் போதும்" என்று பதிவிலேயே எழுதிவிடுங்கள்.

மற்றொன்று இடம். பல விழாக்களில் சிறப்பு விருந்தினர் காரிலிருந்து இறங்கும்போது வாசலில் நின்று அடிப்பதற்கு மட்டும் பறைக் குழுவை அழைக்கிறார்கள். சாவு வீட்டிலும் ஊர்வலத்திலும் சாதியின் பெயரால் கட்டாயப்படுத்தி அடிக்கவைக்கப்பட்ட ஒரு கருவியை, அந்தக் கட்டாயத்தை மறுத்து, விடுதலையின் கருவியாக மாற்றியிருக்கிறார்கள் இந்தக் கலைஞர்கள். திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைக் கையிலெடுத்ததும், மணிமாறனும் மகிழினியும் நடத்தும் புத்தர் கலைக்குழு பறைப் பயிற்சியை இளைஞர்களிடம் கொண்டுசென்றதும் அந்த மாற்றத்தின் பகுதிகள். அவர்களை மீண்டும் வாசலில் நிறுத்துவதை நான் ஏற்கவில்லை. "மேடையில், அறிவிக்கப்பட்ட நேரத்தில், குறைந்தது முப்பது நிமிடம்" என்று எழுதுங்கள். வரவேற்புக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளட்டும்.

கேட்கக் கூடியதும் கூடாததும்

எல்லா இசையையும் எங்கும் கேட்க முடியாது. கணியான் கூத்தில் மந்த மகுடம், உச்ச மகுடம் என்னும் தோல்கருவிகள் மாறி மாறி எழுப்பும் ஓசை எந்த இசை விழாவுக்கும் பெருமை சேர்ப்பது. ஆனால் அது சுடலை மாடன் கொடையோடு பிணைந்த கலை, அதன் சில பகுதிகள் சாமியின் முன்னால் மட்டுமே நிகழ்பவை. கோத்தர்களிடம் தெய்வத்துக்கான இசையும் ஆட்டத்துக்கான இசையும் இறப்புக்கான இசையும் வெவ்வேறு. எதை மேடையில் தரலாம் என்பதைக் கலைஞர்கள்தாம் முடிவு செய்ய வேண்டும். "நீங்கள் விரும்பித் தரும் பகுதியைக் கேட்க ஆசைப்படுகிறோம்" என்று எழுதுவதே முறை. குறவன் குறத்தி ஆட்டத்தைப் பட்டியலில் எழுதாதீர்கள். ஒரு சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்ற முறையீட்டைத் தொடர்ந்து 2023-இல் தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்துவிட்டது.

நேரத்தையும் யோசிக்க வேண்டும். ஊரில் கூத்து இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை நடக்கும். நகரத்தில் திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி பயன்படுத்த ஒலி மாசு விதிகள் இடம் தருவதில்லை. திருவிழா நாட்களுக்கு நள்ளிரவு வரை அரசு விலக்கு அளிக்க முடியும் என்றாலும் விடியற்காலை வரை முடியாது. ஆகவே முழுக் கூத்தை எழுதாமல், கூத்தை அறிமுகப்படுத்தும் கட்டியங்காரனின் வருகையோடு தொடங்கும் ஒரு பகுதியையோ, கர்ணன் சாகும் களத்தின் பாடல்களையோ ஒன்றரை மணி நேரத்துக்குக் கேட்கலாம். எந்தப் பகுதி அந்த நேரத்தில் அடங்கும் என்பதை வாத்தியாரிடம் கேட்டு எழுதினால் விழாக் குழுவின் வேலை பாதி குறையும்.

பணம்

சம்பளத்தை நீங்கள் ஊகித்து எழுத வேண்டாம். குறைத்து எழுதினால், அந்த எண்ணே பேரத்தின் தொடக்கமாகிவிடும். ஆனால் பயணத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கலாம். விழாக் குழு உங்கள் பட்டியலை மதிப்பதற்கு அதுவே காரணமாகும். நாகர்கோவிலிலிருந்து சென்னை ஏறத்தாழ 700 கிலோமீட்டர். எட்டுப் பேர் வில்லுப்பாட்டுக் குழு, வில்லையும் குடத்தையும் ஏற்றிக்கொண்டு வரவும் போகவும் ஒரு வேன், இரண்டு இரவு தங்கல், ஆறு வேளை உணவு என்று எழுதுங்கள். அதே வழியில் திருநெல்வேலியிலிருந்து ஒரு கணியான் குழுவையும் பரிந்துரைத்து, இரு குழுக்களையும் ஒரே பேருந்தில் வரவழைக்கலாம் என்று குறிப்பிட்டால், தொலைவைச் சொல்லி மறுக்க வந்தவர்கள் மீண்டும் யோசிப்பார்கள். முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது என்பதைக் கலைஞரிடம் விழாக் குழுவே பேசட்டும்; நிகழ்ச்சி முடிந்த இரவே மீதித் தொகை கையில் சேர வேண்டும் என்ற ஒரு வரியை மட்டும் நான் எப்போதும் பட்டியலின் அடியில் எழுதுவதுண்டு. ஊர் திரும்பும் வழியில் டீசலுக்குக் கடன் வாங்கிய ஒரு செட்டைப் பார்த்த பிறகு ஏற்பட்ட வழக்கம் அது.

கொடுப்பதும் பின்தொடர்வதும்

பட்டியல் இரண்டு பக்கத்துக்குள் அடங்கட்டும். ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று நிமிடப் பதிவு ஒன்றை இணைத்துக் கொடுங்கள். வெட்டி ஒட்டி அழகுபடுத்தியதை விட, கோயில் வாசலில் கைப்பேசியில் எடுத்த பதிவே குழுவின் உண்மையான வலிமையைக் காட்டும். தனியாகக் கொடுப்பதை விட, வேறு சில ரசிகர்களையும் சேர்த்துக்கொண்டு, ஐந்தாறு பேர் ஒரே பட்டியலை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுத்தால் எடை கூடும். அந்தப் பேச்சில் உங்களுக்குத் தெரியாத இரண்டு குழுக்களின் பெயராவது வந்து விழும்.

விழாக் குழு முடிவெடுக்கும்வரை கலைஞரிடம் "உங்களைக் கூப்பிடப்போகிறார்கள்" என்று சொல்லவே கூடாது. உங்கள் சொல்லை நம்பி அந்த நாளுக்கு வந்த வேறொரு அழைப்பை அவர் மறுத்துவிட்டால், இழப்பு முழுவதும் அவருடையது. "உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன், இன்னும் முடிவாகவில்லை, வேறு அழைப்பு வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதிய ஐந்தில் ஒன்று தேர்வானாலும் அது நல்ல விளைவு. மற்ற நான்கையும் தேதியிட்டு வைத்திருந்து, அடுத்த சித்திரையில் மீண்டும் போய்க் கேட்டுவிட்டு, அடுத்த ஐப்பசியில் மீண்டும் கொடுங்கள். மூன்றாம் ஆண்டில் அழைக்கப்பட்ட குழுக்களும் உண்டு. அழைக்கப்பட்ட நாளில் நீங்கள் பார்வையாளராக மட்டும் வராமல், வேன் வந்து நிற்கும் இடத்துக்குச் சென்று அவர்களைக் கூட்டிவந்து, உடை மாற்றும் அறையையும் பறை காய்ச்சும் இடத்தையும் காட்டி, சாப்பாடு வந்துவிட்டதா என்று பாருங்கள். நிகழ்ச்சித் தொகுப்பாளரிடம் ஒரு சீட்டைக் கொடுங்கள். குழுவின் பெயர், ஊர், ஆசானின் பெயர் ஆகியவற்றோடு, தாளம் போடுபவர்வரை ஒவ்வொருவரின் பெயரும் அதில் இருக்கட்டும். அவர் மேடையேறும் முன்பு அதை ஒரு முறை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.